குளிரில் நின்று படம் எடுக்க என்ன உடுப்பது? நம்மூர் ஆட்கள் கேட்ட கேள்விகள்

ஒவ்வொரு தை மாதமும் மட்டக்களப்பில் இருந்து நாலைந்து பேர் சேர்ந்து மலைநாட்டுக்குப் படம் எடுக்கப் போகிறோம். வெளிக்கிட இரண்டு கிழமை இருக்கும்போதே தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் வரும். கமராவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, உடுப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்கும் சுவிசுக்கும் போகிறவர்களும் கேட்கிறார்கள். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

மட்டக்களப்பில குளிர் எங்க, அண்ணன்? எங்களுக்கு இது தேவையா?

ஊரில் மார்கழி, தை விடியலில் 23 பாகைக்குக் கிட்ட இறங்கினாலே நாம் போர்வை தேடுகிறோம். நம் உடம்பு பழகியது அந்த அளவுக்குத்தான். ஆனால் செங்கலடிச் சந்தியில் தொடங்கும் ஏ5 வீதி மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏறி நுவரெலியாவுக்குப் போகிறது. கடல் மட்டத்தில் இருந்து வெளிக்கிட்டு அதே நாளில் 1,868 மீற்றர் உயரத்தில் போய் இறங்குகிறோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஊரில் 24 பாகை என்றால் அங்கே பத்து என்று கணக்குச் சொல்லும்.

கணக்கோடு அது நிற்பதும் இல்லை. தையில் முகில் இல்லாத இரவுகளில் நிலத்தின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். விடியும்போது புல்லில் வெள்ளையாக உறைபனி படிந்திருப்பதை அங்கே பார்க்கலாம். நாம் படம் எடுக்கப் போவதும் சரியாக அந்த நேரத்துக்குத்தான்.

மொத்தமா ஒரு நல்ல ஜக்கெற் போட்டா காணாதா?

நடந்துகொண்டே இருப்பவருக்குச் சில நேரம் காணும். படம் எடுப்பவருக்குக் காணாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நமக்கு உடுப்பு தேவைப்படுவது நடப்பதற்கு அல்ல, நிற்பதற்கு. நடக்கும்போது உடம்பு, சும்மா நிற்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு சூட்டை உண்டாக்கும். நாம் வேகமாக நடந்து போய், வியர்த்து, பிறகு முக்காலியை விரித்துவைத்து வெளிச்சத்துக்காக முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறோம். சூடு உண்டாவது நின்றுவிடுகிறது, வியர்வை மட்டும் முதுகில் குளிர்ந்துகொண்டு இருக்கிறது.

என் முதல் பயணத்தில் ஜீன்ஸ், பருத்தி ரீசேட், அதற்கு மேல் தோல் ஜக்கெற் போட்டுப் போனேன். ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில் உள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பாறைக்கு நடந்து போகும்போது வேர்த்து ஒழுகியது. மூடுபனி விலகட்டும் என்று நின்றேன். அரை மணி நேரத்தில் பல் கிட்டித்து, பனி விலகிய நேரம் பட்டனை அமத்த விரல் வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்தேன், படம் இல்லை. அந்தக் காலை எனக்கு இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. அதனால்தான் போகிற ஒவ்வொருவரிடமும் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

மூணு அடுக்கு, மூணு அடுக்கு எண்டு சொல்றாங்களே, அது என்னென்ன?

சூட்டைப் பிடித்து வைப்பது துணி அல்ல, துணிக்குள்ளும் துணிகளுக்கு இடையிலும் அசையாமல் நிற்கும் காற்று. அதனால்தான் ஒரு மொத்தச் சட்டையைவிட மூன்று மெல்லிய சட்டைகள் கூடச் சூடு தரும். சூடு கூடினால் ஒன்றைக் கழற்றவும் முடியும்.

தோலோடு ஒட்டி இருப்பது வியர்வையை வெளியே இழுத்துவிட வேண்டும். பொலியெஸ்டர் தேர்மல் (குளிருக்கு உள்ளே போடும் ஒட்டிய உடுப்பு), அல்லது வசதி இருந்தால் மெரினோ கம்பளி. நடுவில் இருப்பது காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, கம்பளிச் சுவெட்டர், பஞ்சு வைத்த மெல்லிய ஜக்கெற், எதுவும் சரி. வெளியே இருப்பது காற்றையும் மழையையும் மறிக்க வேண்டும். அது மெல்லியதாக இருந்தால் போதும், ஆனால் உள்ளே இருப்பவற்றை நசுக்காத அளவுக்கு லூசாக இருக்க வேண்டும். நசுங்கினால் காற்றும் போய்விடும், சூடும் போய்விடும்.

பருத்திதான் உடம்புக்கு நல்லம் எண்டு அம்மா சின்ன வயசில இருந்தே சொல்லுவா. அது பிழையா?

அம்மா சொன்னது நம் ஊருக்கு முழுக்கச் சரி. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பருத்தியைப் போல ஒன்று இல்லை. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் காயும், காயக் காய உடம்பு குளிரும். அந்தக் குணத்துக்காகத்தான் அதை உடுக்கிறோம்.

குளிரில் அதே குணம் எதிராகத் திரும்பிவிடும். ஈரப் பருத்தி தோலில் ஒட்டிக்கொள்ளும், காற்று நிற்க இடம் இருக்காது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே பருத்திப் பனியன், ஜீன்ஸ், பருத்திச் சொக்ஸ் மூன்றையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பனியனை மட்டும் பலர் விடமாட்டார்கள், பழக்கத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள். அதற்கு மேலே எவ்வளவு விலைக்கு வாங்கிப் போட்டாலும் பயன் இல்லை.

சரி, ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியப்புறம் போறம். தலையில இருந்து கால் வரைக்கும் சொல்லுங்க.

காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு உலக முடிவை மூடுபனி மறைத்துவிடும் என்பதால் எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். சுற்றுப்பாதை முழுவதும் ஒன்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். தேர்மலும் மேலே காற்று மறிக்கும் ஜக்கெற்றும் மட்டும் போடுங்கள், ஃபிளீஸ் பையில் இருக்கட்டும். போய் நின்றதும், குளிர்வதற்கு முன்பே ஃபிளீஸை எடுத்துப் போடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் உடம்பு மீண்டும் சூடாக நெடுநேரம் எடுக்கும். உள்ளே போட்டது நனைந்துவிட்டால் மாற்றுவதற்கு உலர்ந்த ஒன்று பையில் இருப்பது என்னுடைய பழக்கம். இரண்டு நிமிட வெட்கம், இரண்டு மணி நேரச் சுகம்.

தலைக்குக் காது மூடும் கம்பளித் தொப்பி, கழுத்துக்கு இழுத்து மூக்குவரை மூடக்கூடிய ஒரு கழுத்துத் துணி. களிசான் விளையாட்டு வீரர்கள் போடும் பொலியெஸ்டர் வகை, அதற்குள்ளே தேர்மல். அங்கே காற்று பொல்லாதது. 5 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் உடம்புக்குச் சுழியம் பாகை போலத்தான் தெரியும். பயணம் போகும் வாகனத்தில் இருந்தே கண்ணாடியை இறக்கி மரையைப் படம் எடுக்கிறவர்களும் இதையெல்லாம் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும், திறந்த ஜன்னலும் காற்றுத்தான்.

ஒரு விசயம்: வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உடுப்பைச் ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள். துணிப்பையும் மூடியுள்ள பெட்டியும் போதும். அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சோதனை, அதற்கு முகம் சுளிக்க வேண்டாம்.

இதெல்லாம் வாங்கக் காசுக்கு எங்க போற?

பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கும். கிரிக்கெட், உதைபந்தாட்ட ஜேர்சி பொலியெஸ்டர்தான், உடம்போடு ஒட்டி இருப்பது முதல் அடுக்குக்கு ஆகும். மழைக்கோட்டு மூன்றாவது அடுக்கு. வாங்க வேண்டியது நடு அடுக்கும் கையுறையும்தான். நுவரெலியாவில் பேல் பசாரில் ஏற்றுமதியில் மிஞ்சிய குளிர் உடுப்புகள் குவிந்து கிடக்கும். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக் குளிருக்குத் தைப்பவை அவை. உள்ளே தைத்திருக்கும் துண்டைப் பாருங்கள், நூறு வீதம் கொட்டன் என்று இருந்தால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்குங்கள்.

வாவியில தோணியில போய் எடுக்கிற எங்களுக்கு இதில ஒண்டும் தேவை இல்லையா?

தேவை, வேறு விதமாக. மார்கழியில் வாடைக்காற்றோடு தூறல் விழும்போது, கூழைக்கடாவுக்காகத் தோணியில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்தால் 24 பாகையிலும் நடுக்கம் பிடிக்கும். காரணம் மேலே பருத்திக்குச் சொன்னதுதான். ஜேர்சி வகைச் சட்டை, அதற்கு மேல் மழைக்கோட்டு, தலைக்குத் தொப்பி. உயிர்காப்பு அங்கி கட்டாயம், அதுவும் நெஞ்சுக்குச் சூடு தரும். சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் யானை பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே பதில். படகு ஓடும் வேகமே காற்றாகிவிடும்.

கையுறை போட்டா பட்டன் அமத்த ஏலாது. கழட்டினா விரல் விறைக்குது. என்ன செய்ற?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. ஒரு கையுறையால் தீராது, இரண்டு வேண்டும். உள்ளே கையோடு ஒட்டிய மெல்லிய கையுறை, அதைப் போட்டபடியே பட்டனையும் தொடுதிரையையும் இயக்கப் பழகலாம். அதற்கு மேலே விரல்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் பை போன்ற மொத்தக் கையுறை. விரல்கள் சேர்ந்திருந்தால் ஒன்றை ஒன்று சூடாக்கும், தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றும் தனியாகக் குளிரும். மொத்தக் கையுறையில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள், கழற்றினால் கீழே விழாது. எடுத்து முடிந்ததும் உடனே கையை உள்ளே விடுங்கள்.

விரலின் சூடு மணிக்கட்டு வழியாகத்தான் வருகிறது. அங்கே இடைவெளி இருந்தால் கையுறை வீண். பழைய கம்பளிச் சொக்ஸின் பாதத்தை வெட்டி, குழாய்ப் பகுதியை மணிக்கட்டில் மாட்டலாம். முக்காலியின் உலோகக் காலைப் பிடிப்பதும் விரலின் சூட்டை உறிஞ்சிவிடும். ஏசிக் குழாயில் சுற்றும் கறுப்பு ஸ்பொஞ் குழாயை ஒரு முழம் வாங்கி நீளவாக்கில் கீறிக் காலில் மாட்டி ரேப் சுற்றினால் போதும், தோளில் சுமக்கவும் மெத்தென்று இருக்கும். கமராவில் மாற்ற வேண்டியவற்றை எல்லாம் அறையிலேயே மாற்றிவிட்டு வாருங்கள். வெளியே விரலுக்கு எவ்வளவு வேலை குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ரெண்டு சொக்ஸ் போட்டுப் போனன், கால் இன்னும் கூட விறைச்சிட்டு. ஏன்?

சப்பாத்து இறுகிவிட்டது. இறுகினால் இரத்தம் ஓடாது, சொக்ஸுக்குள் காற்றும் நிற்காது. மொத்தமான ஒரு கம்பளிச் சொக்ஸ், விரல்களை அசைக்க இடம் உள்ள சப்பாத்து. இரண்டாவது சொக்ஸைப் பையில் வையுங்கள், நனைந்தால் மாற்ற உதவும். இன்னொன்று, நிற்கும்போது குளிர் நிலத்தில் இருந்துதான் ஏறுகிறது. ஒரு துண்டு ரெஜிபோம் அட்டையோ பழைய உடற்பயிற்சிப் பாயோ கொண்டுபோய் அதன் மேல் நில்லுங்கள். திரும்பி வரும்போது அதையும் கையோடு கொண்டுவாருங்கள்.

நான் அபாயா உடுக்கிற ஆள். ஜக்கெற், களிசான் எண்டு எல்லாம் சொல்றீங்க, எனக்குச் சரிவருமா?

நன்றாகச் சரிவரும் தங்கச்சி. அபாயா லூசாக இருப்பதால் உள்ளே தேர்மல், ஃபிளீஸ் எல்லாம் நசுங்காமல் இருக்கும், வெளியே தெரியவும் தெரியாது. காதையும் கழுத்தையும் ஏற்கெனவே மூடியிருக்கிறீர்கள். பொலியெஸ்டர் துணியில் தைத்ததைத் தெரிவு செய்யுங்கள். கவனிக்க வேண்டியது கீழ்க்கரைதான். புல்லின் ஈரத்தை உறிஞ்சி முழங்கால் வரை ஏற்றிவிடும், பாறையில் காலையும் தட்டும். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி கரையை மடித்துத் தைத்து, உள்ளே தண்ணீர் பிடிக்காத களிசான் போட்டால் பாதையில் நிம்மதியாக நடக்கலாம். சேலை உடுக்கும் அக்காமாருக்கு நான் சொல்வது, நகரத்துக்குள் சேலையும் உள்ளே தேர்மலும் போதும், சமவெளிப் பாதைக்குச் சல்வாருக்கு மாறிவிடுங்கள்.

தம்பி, ரொரன்ரோவில மகள் வீட்ட போறன், மார்கழிக் கடைசி. மைனஸ் இருபது எண்டு சொல்றா. நுவரெலியா ஜக்கெற் காணுமா?

காணாது ஐயா. உள்ளே போடுபவற்றை இங்கிருந்து கொண்டுபோங்கள், வெளி ஜக்கெற்றையும் சப்பாத்தையும் அங்கே போய் மகளோடு சேர்ந்து வாங்குங்கள். அங்குள்ள கடைகள் அந்தக் குளிருக்கே விற்பவை. மகள் சொல்லும் மைனஸ் இருபது காற்றோடு சேர்ந்த கணக்காகவும் இருக்கலாம். மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 20 போலத் தெரியும். கனடாவில் வானிலை சொல்லும்போது இரண்டு எண்ணும் சொல்வார்கள், நீங்கள் இரண்டாவதைப் பார்த்து உடுங்கள். அது மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். அப்படியான நாளில் ஜன்னலுக்கு உள்ளே இருந்தே படம் எடுங்கள்.

கன்னம், மூக்கு நுனி, காது, விரல் வெளுத்து உணர்வு இல்லாமல் போனால் உடனே உள்ளே வாருங்கள். தேய்க்க வேண்டாம், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கேடு. நெருப்பிலும் காட்ட வேண்டாம், உணர்வு இல்லாததால் சுடுவது தெரியாது. உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கூடிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டு, வைத்தியரிடம் காட்டுங்கள். இறகு வைத்த ஜக்கெற் உலர்ந்த குளிருக்கு மிக நல்லது, நனைந்தால் சோர்ந்துவிடும். சுற்றி மழை ஈரமாக இருக்கும் நாடுகளுக்குச் செயற்கைப் பஞ்சு பாதுகாப்பு.

நோர்வேயில மச்சான் வடதுருவ ஒளி பார்க்கக் கூப்பிடுறான். அதுக்கும் இதேதானா?

இதேதான், ஒரு அடுக்கு கூட. துரொம்சோ பக்கம் கடலோரம் என்பதால் எண்ணில் பார்த்தால் அவ்வளவு பயங்கரம் இல்லை. ஆனால் ஒளி எப்போது வரும் என்று தெரியாமல் இரவில் மணிக்கணக்காக நிற்பீர்கள், நிற்பதைப் பற்றி இரண்டாம் கேள்வியில் சொன்னது அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். கைச்சூட்டுப் பைகள் விற்பார்கள். உள்ளே இரும்புத் தூள் காற்றுப் பட்டுச் சூடாகும். மொத்தக் கையுறைக்குள் வையுங்கள், வெறுந்தோலில் நேராக வைக்க வேண்டாம்.

கமராவுக்கும் உடுப்பு வேணுமா?

பற்றரிக்கு வேண்டும். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், முழுதாகச் செத்தது போலத் தெரியும். உண்மையில் உள்ளே சக்தி இருக்கிறது, சூடாக்கினால் திரும்பி வரும். மேலதிகப் பற்றரியை ஃபிளீஸின் உள் பையில், நெஞ்சோடு வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மற்றது ஆவி. பாசிக்குடாவில் ஏசி அறையில் இருந்து கமராவைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் மங்கிப்போவது நமக்குத் தெரிந்ததுதான். குளிர் நாட்டில் அது தலைகீழாக நடக்கும், வெளியே இருந்து சூடான வீட்டுக்குள் வரும்போது மங்கும். உள்ளே வருவதற்கு முன்பே கமராவைக் காற்றுப் புகாத பைக்குள் மூடி, உள்ளே வந்து ஒரு மணி நேரமாவது திறக்காமல் வையுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும், கமராவில் படியாது. படம் பதியும் மெமரி அட்டையை மட்டும் முன்பே கழற்றிக்கொண்டால் படம் பார்க்க அவசரப்படத் தேவை இல்லை.

மூக்குக்கண்ணாடி போட்டிருக்கன், கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் இழுத்தா ஒண்டும் தெரியுதில்ல.

மூச்சு மேலே போகிறது. துணியை மூக்குக்குக் கீழே இறக்கி, மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். கமராவில் கண் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணாடியும் கமராவும் இரண்டும் தப்பும்.

குளிருக்கு ஒரு சொட்டு அடிச்சா உடம்பு சூடாகும் எண்டு பொடியனுகள் கொண்டு வாறாங்க. சரியா?

சரியில்லை. மது தோலுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கும். உள்ளே இருந்த சூட்டு இரத்தம் தோலுக்கு வருவதால் சூடாவது போல் தெரியும், அந்தச் சூடு வெளியேதான் போகிறது. நடுக்கமும் குறையும், குளிர்வது தெரியாமலே குளிர்ந்துவிடும். பாறை விளிம்பில் நிற்கும் இடத்தில் இது வேண்டவே வேண்டாம். பிளாஸ்க்கில் சீனி கூடப் போட்ட பிளேன்ரீயும், கையில் கச்சானோ எள்ளுருண்டையோ கொண்டுவாருங்கள். உடம்பு எரிக்க ஏதாவது இருந்தால்தான் சூடு உண்டாகும்.

நடுங்கிக்கொண்டே இருந்தன், பிறகு நடுக்கம் நிண்டிட்டு. குளிர் பழகிட்டு எண்டுதானே கருத்து?

உடுப்புப் போட்டு, உள்ளே வந்து, உடம்பு சூடாகி நின்றிருந்தால் நல்லது. குளிரிலேயே நின்றுகொண்டு, சூடாகாமல் நடுக்கம் நின்றால் அது பெரிய ஆபத்து. நடுக்கம் என்பது உடம்பு தன்னைச் சூடாக்கச் செய்யும் வேலை. உடம்பின் உள்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறும், பட்டன் போட முடியாது, ஆள் சோர்ந்து "நான் நல்லாத்தான் இருக்கன்" என்று சொல்வார். அந்தச் சொல்லை நம்பாதீர்கள். அதனால் தனியாகப் போகக் கூடாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, நெஞ்சையும் தலையையும் முதலில் சுற்றுங்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம், சுடுதண்ணீரில் இறக்கவும் வேண்டாம். நம் நாட்டில் என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. படம் அடுத்த தையிலும் கிடைக்கும்.

திரும்பி வந்த பிறகு எல்லாம் அலுமாரியில பூஞ்சணம் பிடிச்சிட்டு. எப்பிடி வைக்கிற?

நம் ஊரின் ஈரத்தில் இந்த உடுப்புகள் பதினொரு மாதம் சும்மா கிடக்கின்றன, அதுதான் சிக்கல். வியர்வையோடு மடித்து வைத்தால் கட்டாயம் பூஞ்சணம் பிடிக்கும். வந்த கிழமையே கழுவுங்கள், துணியை மெத்தென்றாக்கும் திரவம் போட வேண்டாம், அது வியர்வையை இழுக்கும் குணத்தைக் கெடுக்கும். மாசி மாதத்து வெயில் நாளில் நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் காயவிடுங்கள். இறகு ஜக்கெற்றை நசுக்கி வைக்காமல் தொங்கவிடுங்கள். கம்பளியை இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வையுங்கள், கமராப் பெட்டிக்கு வாங்கும் அதே பைகள்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, பைகள் நிறம் மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.